ஆரோக்கியமேரி சொன்னதில் பாதி

நான் வாங்கிய முதல் விருதுக்கு என்னோடு போட்டியிட்டவர் யாருமே இல்லை. இது எனக்குத் தெரியவந்தது விருதை வாங்கிப் பல மாதம் கழித்து. அதற்குள் அந்தக் கேடயம் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் டிவிக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. கீரை விற்கும் அம்மா முதல் கேபிள் காசு வாங்க வருகிறவர் வரை எல்லோருக்கும் அதைத் தொட்டுக் காட்டியாகிவிட்டது.

வடக்கே ஒரு ஊரில் நடந்த குறும்பட விழா அது. ‘சிறந்த பெண் இயக்குநர்’ என்று ஒரு பிரிவு. ஒன்றரை நாள் ரயிலில் போனேன். ரயிலின் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று நன்றியுரையை ஒத்திகை பார்த்தேன். வெளியே நாலு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். விழாவில் பட்டுப்புடவையோடு மேடையேறி, “இந்த விருதை என்னோடு போட்டியிட்ட மற்ற சகோதரிகளுக்குச் சமர்ப்பிக்கிறேன்” என்றேன். முன் வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். என்ன மனிதர் இவர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு அவர்கள் இணையதளத்தில் பழைய பட்டியலைப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பிரிவுக்கு வந்த மொத்தப் படங்கள்: ஒன்று.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் குறும்படம் எடுக்கக் கிளம்பியிருக்கும் நீங்கள் எல்லோரும் என்னை ‘சீனியர் மேம்’ என்று கூப்பிடுகிறீர்கள். உங்கள் குழுவுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் கணக்கு டீச்சர். நாற்பத்து மூன்று வயதில் படம் எடுக்க வந்தவள். பதினைந்து ஆண்டில் ஆறு படம். ஆறையும் சேர்த்து ஓட்டினால் ஒரு சினிமாவில் இடைவேளை விடுவதற்குள் முடிந்துவிடும். பள்ளியிலிருந்து வயது எனக்கு ஓய்வு கொடுத்தது, கேமராவிலிருந்து முழங்கால் கொடுத்தது. கேமரா விஷயமெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது என் இரண்டாவது படத்தில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி.

அந்தப் படம் ஆரோக்கியமேரி என்பவரைப் பற்றியது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டர். கணவர் அங்கேதான் வேலை பார்த்தார். அவர் இறந்த பிறகு அந்த வேலை இவருக்குக் கிடைத்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் மாமியாரோடும் மகளோடும் இருந்தார். மகள் என் வகுப்பில் படித்தாள். கணக்கில் மார்க் குறைந்ததற்காக அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தார். சட்டைக் கையில் பொறி பட்ட ஓட்டைகள். நான் மார்க்கைப் பற்றி ஒரு பாட்டம் பேசி முடித்ததும், “கணக்கு எங்க வீட்டுல யாருக்கும் வராதுங்க டீச்சர். ஆனா கோடு நேரா வரும். நான் அடிக்கிற வெல்டிங்கை வந்து பாருங்க” என்றார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த படம் இவர்தான் என்று.

பணிமனைக்குள் படம் எடுக்க அனுமதி வேண்டும். கடிதம் எழுதினேன். பதில் வருவதற்குள் என் பொறுமை தீர்ந்துவிட்டது. அதனால் உள்ளே போகாமலேயே எடுத்தேன். அவர் ஸ்கூட்டரில் வேலைக்குப் போவது, கேட்டுக்குள் நுழைவது, வருவது, சமைப்பது, மாதா கோயிலுக்குப் போவது. நடுவில் பணிமனையின் மூடிய தகரக் கதவு ஒன்று முக்கால் நிமிஷம். வேறு காட்சி இல்லாததால்தான் அந்தக் கதவு. பிறகு ஒரு விழாவில் நடுவர் ஒருவர் எழுந்து, “பணியிடத்தைக் காட்டாமலேயே பணியிடத்தை உணர வைத்திருக்கிறீர்கள், துணிச்சலான தேர்வு” என்றார். நான் கண்ணை மூடி மெதுவாகத் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டுவதை விழாக்களில்தான் கற்றுக்கொண்டேன்.

இனி அந்தக் காரியம். ஒரு சாயங்காலம் அடுப்படியில் வைத்து அவரிடம், “உங்க வீட்டுக்காரரோட இடத்துலயே நின்னு வேலை பார்க்குறீங்க. அவர் ஞாபகம் வருமா?” என்று கேட்டேன். வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னார்:

“வேலை நேரத்துல அவரை நினைக்கறதே இல்லைங்க. நினைச்சா கை ஆடும். கை ஆடுனா கோடு கோணிக்கும். வீட்டுக்கு வந்து, எல்லாருக்கும் சாப்பாடு போட்டுட்டு, ஏழு மணிக்கு மேல இங்க நின்னுக்கிட்டு நினைச்சுக்குவேன்.”

எடமலைப்பட்டி புதூரில் கல்யாண வீடியோக்கள் வெட்டிக் கொடுக்கும் ஒரு பெண்மணிதான் என் படங்களுக்கு எடிட்டர். தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் இங்கேயும் எழுதவில்லை. எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்த உருப்படியான விஷயமெல்லாம் அவர் போட்ட பிச்சை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். படம் நீளமாக இருந்தது. விழாக்களுக்குக் கூர்மையாக ஒரு வரி வேண்டும். ‘வேலை நேரத்துல’ என்பதை எடுத்தேன். ‘நினைச்சா கை ஆடும்’ என்பதில் தொடங்கி மீதி அத்தனையும் எடுத்தேன். மிஞ்சியது: “அவரை நினைக்கறதே இல்லைங்க.” உடனே தகரக் கதவு.

எடிட்டர் திரும்பிப் பார்த்தார். “இங்க மூச்சு வெட்டுப்படுதுங்க டீச்சர்.”

“யாருக்குத் தெரியப்போவுது?”

“பேசுனவங்களுக்குத் தெரியும்.”

“மேல ஒரு ரயில் ஹாரனைப் போட்டுடுங்க” என்றேன். போட்டார். பின்னால் ஒரு பத்திரிகையில் அந்த ஹாரனைப் பற்றித் தனியாக ஒரு பத்தி பாராட்டி எழுதினார்கள்.

படம் ஓடியது. நான் எதிர்பார்த்ததைவிட ஓடியது. போகிற ஊரிலெல்லாம் அந்த ஒரு வரிக்குக் கைதட்டல். ‘செத்த கணவனின் நிழலைத் தூக்கி எறிந்த பெண்’ என்று எழுதினார்கள். ஒரு விழாவில் தேர்வானால் அதன் பெயருக்கு இரண்டு பக்கமும் போஸ்டரில் இலைக்கொத்து போடுவார்களே, அது ஒன்று, மூன்று, ஐந்து என்று பெருகி, கடைசியில் மேரி அக்கா முகம் தெரிய இடமில்லாமல் போனது. எல்லா ஊரிலும் என்னை ‘ஒரு பெண் இயக்குநராக’ என்று தொடங்கும் கேள்வியைக் கேட்டார்கள். நானும் ஒரு பெண் இயக்குநராகவே பதில் சொன்னேன். ஆண் இயக்குநர்களிடம் லென்ஸைப் பற்றிக் கேட்டார்கள். என்னிடம் வீட்டில் சமையலை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் லென்ஸைப் பற்றிக் கேட்டிருந்தால் என் பாடு திண்டாட்டம் என்பதால் சும்மா இருந்துவிட்டேன்.

இன்னொரு கேள்வியும் வரும். “அந்த அம்மா படத்தைப் பார்த்தாங்களா?”

பார்க்கவில்லை. நான் காட்டவில்லை. நேரம் அமையவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பள்ளியிலிருந்து அவர் வீட்டுக்கு பஸ்ஸில் பத்தே நிமிஷம். முதல் விழாவில், “பார்த்துட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க” என்றேன். இரண்டாவது விழாவில் அவர் அழுதார். நாலாவது விழாவுக்குள் என்னைக் கட்டிக்கொண்டு, “என் மனசை நீங்கதான் புரிஞ்சுக்கிட்டீங்க” என்று சொல்லவும் தொடங்கிவிட்டார். அதை ஒரு பேட்டியிலும் சொன்னேன். அச்சில் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

அப்போதுதான் ஐரோப்பாவில் ஒரு பெரிய விழாவிலிருந்து அழைப்பு வந்தது. போட்டிப் பிரிவு. பாஸ்போர்ட் எடுத்தேன். என் கணவர் ஸ்வெட்டர் வாங்கிவந்தார். காந்தி மார்க்கெட்டில் நான் காய் வாங்கும் கடைக்காரருக்குக்கூட அந்த ஊர் பெயர் தெரியும். அந்த அளவுக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

அதே சமயம் திருச்சி திரைப்படச் சங்கம் ஒன்று படத்தைத் திரையிட்டு எனக்குப் பாராட்டு விழாவும் நடத்துவதாக ஏற்பாடு. அதன் செயலாளர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியர், தங்கமான மனிதர். திரையிடல் அன்று மத்தியானம் போன் செய்தார்.

“ஒரு சந்தோஷ சமாசாரம். அந்த மேரி அம்மாளையும் அழைச்சுட்டேன். குடும்பத்தோட வரா. கூட வேலை பாக்கறவாளும் பத்துப் பேர் வரா. மேடையில சால்வை போட்டுடலாம்.”

“அவங்களை எதுக்கு சார் சிரமப்படுத்திக்கிட்டு...”

“என்ன சிரமம்? படத்தைப் பாத்துட்டு உங்களைக் கட்டிண்டு அழுதான்னு நீங்களே பேட்டியில சொல்லியிருக்கேளே. எல்லாம் பெருமாள் கிருபை.”

ஆட்டோ பிடித்து எடிட்டர் கடைக்கு ஓடினேன். அவர் ஒரு நிச்சயதார்த்த வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

“அதனால என்னங்க? முழுப் பேச்சையும் திரும்பச் சேர்த்துடறேன். ஒரு மணி நேரம் போதும்” என்றார்.

“சேர்க்க வேணாம். அந்த வரியையே எடுத்துடுங்க. இன்னைக்கு மட்டும். வெளிநாட்டுக்குப் போறது பழசே போகட்டும்.”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். “நம்ம ஊருக்கு ஒண்ணு, வெளியூருக்கு ஒண்ணா? அதை நான் பண்ண மாட்டேங்க.”

“படத்துக்கு டைரக்டர் நான்.”

“ஆமாங்க. அதான் உங்ககிட்ட சொல்றேன்.”

கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இளையவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்ய ஒருவர் தயாராக இருந்தார். நான் என் பதவியைச் சொல்லிக் காட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனேன். அவமானம் வரப்போகிறது என்று தெரியும்போது மனிதருக்கு மூளை வேலை செய்யாது, முதுகெலும்பு தேவையில்லாத நேரத்தில் நிமிர்ந்துகொள்ளும்.

அரங்கு நிறைந்திருந்தது. மேரி அக்கா பச்சைப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் மகள். பின் வரிசையில் பணிமனைக்காரர்கள். அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி இடம் பிடித்து வைத்திருந்தார். “பொண்ணு ஸ்கூல் முழுக்கச் சொல்லிட்டா டீச்சர்” என்றார். விளக்கை அணைத்தார்கள்.

ஸ்கூட்டர் வந்தபோது பின் வரிசையில் விசில். மாமியார் திரையில் வந்தபோது, “நான் இவ்ளோ இளைச்சா போயிருக்கேன்?” என்று அவரே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அடுப்படி. வெங்காயம். “அவரை நினைக்கறதே இல்லைங்க.” ஹாரன். கதவு.

முன் வரிசைகள் கைதட்டின. பின் வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. மாமியார் தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தார். இருட்டிலும் அது எனக்குத் தெரிந்தது. மகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். மேரி அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்: “மீதி எங்க டீச்சர்?”

அந்தக் கதவு முக்கால் நிமிஷம் அப்படியே நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஷாட்டை நான் பார்த்ததில்லை.

விளக்கு எரிந்ததும் செயலாளர் எங்கள் இருவரையும் மேடைக்கு அழைத்தார். சால்வை போட்டார். ஐரோப்பா அழைப்பை அறிவித்தார். மைக்கை மேரி அக்காவிடம் கொடுத்து, “ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ” என்றார். அக்கா மைக்கை வெல்டிங் கோல் பிடிப்பதுபோல இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கங்க. டீச்சர் நல்லா எடுத்திருக்காங்க. எங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் கொஞ்சம் அதிகமாச் சொல்லியிருந்தேன். படம் சின்னது, இடம் பத்தலை போல. அந்த மீதியை மட்டும் சொல்லிட்டு உக்காந்துக்கறேன்.”

சொன்னார். வேலை நேரம், கை ஆடுவது, கோடு கோணுவது, ஏழு மணி, அடுப்படி. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொல்லிவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார்.

எனக்குத் தப்பிக்க வழி இருந்தது, அதை அவரே திறந்து வைத்திருந்தார். ‘ஆமாம், நேரக் கட்டுப்பாடு’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், நான் ஐரோப்பா போவேன். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வந்தது. அப்போது மாமியாரைப் பார்த்தேன். அவர் இன்னும் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாள் வீட்டுக்குப் போய், இரண்டில் எது நிஜம், படத்தில் சொன்னதா, மேடையில் சமாளித்ததா என்று யோசித்துக்கொண்டே இருப்பார் என்று தோன்றியது.

“இடம் இருந்துச்சுங்க” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “நான்தான் வெட்டினேன். கைதட்டு வரும்னு வெட்டினேன். அவங்க இதை இன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கறாங்க. கட்டிக்கிட்டு அழுதாங்கன்னு சொன்னதும் பொய்தான்.”

செயலாளர், “பெருமாளே” என்றார், மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது. பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“டீச்சர், நாங்க வெல்டு தப்பா அடிச்சா அதை வெட்டி எடுத்துட்டு மறுபடி அடிப்போம். அதுக்கு எதுக்கு நின்னு அழுதுக்கிட்டு? சரி பண்ணிப் போடுங்க.”

சிரிப்பு எழுந்தது. நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெளியே ஆட்டோவுக்காக நின்றபோது மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“ஏழு மணிக்கா? அந்த நேரத்துல நான் சீரியலைச் சத்தமா வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனே.”

“அதுக்கென்ன அத்தை.”

“சொல்லியிருந்தா சத்தத்தைக் குறைச்சிருப்பேன்ல? எனக்கும் மகன்தானே.”

மேரி அக்கா மாமியாரின் முந்தானையைச் சரிசெய்துவிட்டார். ஆட்டோவில் ஏறும்போது என்னைப் பார்த்து, “திங்கக்கிழமை எனக்கு லீவுங்க. படத்தைச் சரி பண்ணி எடுத்துட்டு வாங்க, சாப்பிடற மாதிரி வாங்க” என்றார். அவர் என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும், நான் அதையும் எங்கேயாவது சொல்லிக்கொண்டு திரிவேன்.

மறுநாள் எடிட்டர் கடைக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். முழுப் பேச்சும் வெட்டுப்படாமல் அதற்குள் இருந்தது. ஃபோல்டருக்கு ‘டீச்சர் கேப்பாங்க’ என்று பெயர் வைத்திருந்தார். படம் பதினெட்டு விநாடி நீண்டது. அவ்வளவுதான். அந்தப் பதினெட்டு விநாடிக்குத்தான் இத்தனை கூத்து.

புதிய பிரதியை விளக்கக் கடிதத்தோடு ஐரோப்பாவுக்கு அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. நடுவர்கள் தேர்ந்தெடுத்தது முந்தைய வடிவம், அந்த வரியில்தான் படத்தின் பலமே இருக்கிறது, பழையதையே அனுப்புங்கள் என்று. ஒரு பகல் முழுக்க அந்தக் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை பழைய பிரதியை இணைக்கவும் செய்தேன். பிறகு அதை எடுத்துவிட்டு, படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதினேன். என் கணவர் படித்துப் பார்த்துவிட்டு, “ஸ்வெட்டரை என்ன பண்றது?” என்று மட்டும் கேட்டார். விசா கிடைக்கவில்லை என்று உறவுக்காரர்களிடையே பேச்சு பரவியது. நான் மறுக்கவில்லை. எல்லா உண்மையையும் ஒரே மாதத்தில் சொல்ல என்னால் முடியாது.

அதற்குப் பிறகு யாரைப் படம் எடுத்தாலும், வெட்டியதை முதலில் அவர்களுக்குக் காட்டுவது என்று வைத்துக்கொண்டேன். இதனால் படம் நன்றாக வரும் என்று நான் சொல்லமாட்டேன். பாதி நேரம் கெட்டுப்போகும். பச்சைமலையில் மரவள்ளிக்கிழங்கு போடும் பெண்கள் நாலு பேரைப் பற்றி என் கடைசிப் படம். பதினோரு நிமிஷத்துக்கு வெட்டி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, நாளுக்கு இரண்டே பஸ் போகும் அந்த ஊருக்குப் போனேன். முழங்கால் அன்றைக்குத்தான் முதலில் தகராறு செய்தது.

நாலு பேரும் பார்த்தார்கள். “நான் மாமனாரைத் திட்டறது வேணாங்க” என்றார் ஒருவர். “இந்தச் சோகப் பாட்டு எதுக்கு? நாங்க நல்லாத்தானே இருக்கோம்” என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தன் மகன் குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் காட்சியை எடுக்கச் சொன்னார். என் கணக்கில் படத்தின் உயிரே அதுதான். வாதாடிப் பார்த்தேன். “அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கேங்க” என்றார். அதற்குமேல் ஒரு இயக்குநர் என்ன பேச முடியும்?

மிஞ்சியது மூன்று நிமிஷம். நாலு பெண்கள் கிழங்கைப் பிடுங்குகிறார்கள், ஒருத்தியை ஒருத்தி கேலி செய்கிறார்கள், ஒரு கிழங்கு வராமல் அடம்பிடிக்கிறது, நாலு பேரும் சேர்ந்து இழுத்துப் பின்பக்கமாக விழுகிறார்கள், எழுந்திருக்க முடியாமல் சிரிக்கிறார்கள். விழாக்களுக்கு அனுப்பினேன். ஒன்றில்கூட எடுத்துக்கொள்ளவில்லை. குறைந்தது ஐந்து நிமிஷமாவது இருக்க வேண்டும் என்று ஒரு விழாவில் விதியே இருந்தது.

பச்சைமலையில் போட்டுக் காட்டியபோது ஊரே வந்திருந்தது. முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அந்தப் படத்தை ஆறு தடவை ஓட்டினேன்.